ஆடிப் பகல்

இன்னும் அரை பாட்டில் குடிக்க வேண்டுமாம். ஒன்றரை பாட்டில் உள்ளே போய்விட்டது. நர்ஸ் வந்து, கடையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பதுபோல் என் அடிவயிற்றை அழுத்திவிட்டு, இன்னும் ரொம்பலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அத்தை உடனே பையிலிருந்து பாதி இருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி நீட்டினாள். சௌந்தரம் என்று பெயர், என் மாமியார். எதையும் நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அப்படியொரு நீட்டல். குடிக்கிறேன். எதிர் வரிசையில் என் புருஷன் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறான். குமரகுருபரன். பெயர் மட்டும் அவ்வளவு நீளம். வாயில் ‘அவர்’ என்றுதான் வரும், ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் மனசுக்குள் எவள்தான் புருஷனை ‘அவர்’ என்று நினைக்கிறாள். இந்த அறையில் உட்கார்ந்திருக்கிற ஏழெட்டுப் பெண்களையும் கேட்டால் தெரியும். ஒருத்தியின் புருஷன் முறுக்கு தின்கிறான், கடக் கடக் என்று, அவளோ தண்ணீர் குடித்துக் குடித்து முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவனுக்கு முறுக்கு வேண்டியிருக்கிறது. என் போன் நடுங்குகிறது. எதிரில், ஐந்தடி தூரத்தில் இருக்கிறவனிடமிருந்து மெசேஜ். டாக்டர் தேதி சொன்னா நீயே சமாளிச்சுக்கோ. நிமிர்ந்து பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தை மடியில் பையை வைத்து அதன் மேல் இரண்டு கையையும் வைத்து நேராக உட்கார்ந்திருக்கிறாள், சுவரில் இருக்கிற குழந்தை படத்தைப் பார்த்தபடி. வெள்ளைக்காரக் குழந்தை. மதுரையில் எந்த வீட்டில் அப்படி ஒன்று பிறக்கிறது என்று இந்த ஸ்கேன் சென்டர்க்காரனைக் கேட்க வேண்டும். கீழே இன்னொரு பலகை, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது. அத்தை அதையும் வாசித்திருப்பாள், ஆனால் அவளுக்கு ஆணும் பெண்ணும் பிரச்சினை இல்லை, மாதம்தான் பிரச்சினை. வைகாசியில் பேரப்பிள்ளை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். வைகாசி இல்லை. சித்திரை. அது எனக்கும் எதிரில் உட்கார்ந்திருக்கிற அந்த மகானுபாவனுக்கும் மட்டும் தெரியும், இன்னும் கொஞ்ச நேரத்தில் மெஷினுக்கும் தெரிந்துவிடும்.

புதுசாகக் கல்யாணமானவர்களை ஆடியில் பிரித்துவைக்கிற வழக்கம் இருக்கிறதே, அதை நான் இரண்டாம் வருஷ விலங்கியல் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். வெட்கமில்லாமல் சொல்லியிருக்கிறேன். ஆடியில் கருத்தரித்தால் சித்திரையில் பிறக்கும், சித்திரை என்றால் கத்திரி வெயில், பச்சைக் குழந்தை தாங்காது, தாயும் தாங்கமாட்டாள், ஆகவே பாருங்கள், மான் மழையைப் பார்த்துக் குட்டி போடுகிறது, ஓணான் மண் நனைந்தால்தான் குழி தோண்டி முட்டையிடுகிறது, நம் முன்னோர்கள் காலண்டரைப் பார்த்தார்கள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எங்கள் துறைத்தலைவர் அதைக் கேள்விப்பட்டு கல்லூரி ஆண்டு விழாவில் தன் சொந்தச் சரக்கு மாதிரிப் பேசி, கைதட்டும் வாங்கிவிட்டுப் போனார். அதற்கு அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம், முப்பத்து நாலு வயதில், ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில். பத்தே நாளில் ஆடி பிறந்தது. அப்பாவும் அம்மாவும் தாம்பாளத்தோடு திண்டுக்கல்லிலிருந்து வந்து இறங்கி, எனக்குப் புடவையும் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையும் வைத்துக் கொடுத்துவிட்டு, என்னைக் கையோடு கூட்டிப்போனார்கள். எனக்கு வேலையோ மதுரையில். தினமும் காலையில் திண்டுக்கல்லில் ரயிலேறி மதுரைக்கு வந்து, பாடம் நடத்தி, சாயங்கால பாசஞ்சரில் திரும்பிப் போனேன். இரண்டு குடும்பத்துக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை. பகலெல்லாம் நானும் அவனும் ஒரே ஊரில்தான் இருந்தோம், ஆனால் ராத்திரி வேறு வேறு ஊரில் தூங்கினோம், அது போதும் அவர்களுக்கு. பிள்ளை என்பது ராத்திரியில் மட்டும் உண்டாகிற சமாசாரம் என்று பேரன் பேத்தி எடுக்கிற வயதிலும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவனுடைய சினேகிதன் ஒருவனுக்கு எல்லீஸ் நகரில் ஹவுசிங் போர்டு வீடு, குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சாவியை இவனிடம் கொடுத்திருந்தான். இவன் இன்சூரன்ஸ் ஆபீஸில் அரை நாள் லீவு போடுவான், நான் மத்தியான வகுப்பை மாற்றிக்கொள்வேன். மேல் மாடி. மொட்டைமாடிச் சூடு அப்படியே இறங்கும். மின்விசிறி அனலை வாரி இறைக்கும். சாவியைத் திருகும் முன்னால் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பான், பக்கத்து வீட்டில் யாராவது பார்த்து அம்மாவிடம் சொல்லிவிடுவார்களோ என்று. தாலி கட்டிய பெண்டாட்டியோடு போகிறவன். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிடித்தும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் வேர்வை நாற்றம் போகக் குளித்துவிட்டுக் கிளம்புவான், ஒழுங்கான பிள்ளை.

தண்ணீர் தொண்டை வரைக்கும் நிற்கிறது. இனி இருமினால்கூட ஆபத்து. ஒரு நர்ஸ் யாரையோ கூப்பிட்டாள், நான் இல்லை. சூடு, சூடு என்று எவ்வளவு படித்திருக்கிறேன். பழநி பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில் நான்கு வருஷம் என் ஆராய்ச்சி, கொண்டைக்குருவிகளை வைத்து. குருவி அடைகாப்பது முட்டைக்குச் சூடு கொடுக்க என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் மத்தியானத்தில் அது உட்காருவது நிழல் கொடுக்க. எழுந்து போனால் முட்டை வெந்துவிடும், அவ்வளவுதான். அங்கே ஒரு பக்கத்துச் செடிகளில் சின்ன ஸ்பீக்கரைக் கட்டி வல்லூறின் குரலை விட்டு விட்டு ஓடவைத்தேன், இன்னொரு பக்கத்தில் புறாவின் குரல். கூடுகளைச் சுற்றி வலை கட்டியாகிவிட்டது, பாம்பும் காக்கையும்கூட நெருங்க முடியாது. வல்லூறு வரவேயில்லை. குரல்தான் வந்தது. அந்தக் குரலுக்கே வல்லூறுப் பக்கத்துக் குருவிகள் முட்டையைக் குறைத்தன, இட்டதிலும் ஒழுங்காக உட்காரவில்லை, எழுந்து எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தன, வெயில் மிச்ச வேலையைப் பார்த்தது. புறாப் பக்கத்தில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன, இந்தப் பக்கத்தில் கூடு கூடாகக் கூமுட்டை. ஆண் குருவி பக்கத்துக் கிளையில் நின்று கத்தும், அதற்குமேல் ஒன்றும் பெரிதாகச் செய்யாது, சரி, கத்தவாவது செய்கிறதே. என்னிடம் இருக்கிற ஆண் மெசேஜ் அனுப்புகிறது. என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அந்த முடிவு நம்பவே முடியவில்லை, யாரும் கொல்லாமலே எப்படிச் சாகும் என்று கேட்டார். ஐயா, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். எங்கள் அத்தை ஆளைத் தொடமாட்டாள், திட்டமாட்டாள், குரலை உயர்த்தக்கூட மாட்டாள். கல்யாணமான முதல் வாரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள், அவளுடைய ஒன்றுவிட்ட நாத்தனார் வீட்டில் சித்திரையில் ஒன்று பிறந்ததாம், அந்த வருஷமே அப்பன்காரன் லாரியில் அடிபட்டுப் போனானாம், கடையும் போச்சாம், அந்தப் பிள்ளையை இன்றைக்கும் யாரும் தூக்கிக் கொஞ்சுவதில்லையாம். அவ்வளவுதான் சொன்னாள். வெங்காயத்தை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த குமரகுருபரன் பக்கத்தைத் திருப்பவேயில்லை. லாரி பிரேக் பிடிக்காததற்குச் சித்திரை என்ன செய்யும் என்று நானும்தான் கேட்கவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் எல்லாம் இன்றைக்கு ஏசி இருக்கிறது, கத்திரி வெயில் வாசலோடு நின்றுவிடுகிறது. சூடு போய்விட்டது. அதற்காக உண்டான பயம் மட்டும் போக்கிடம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

பயந்த குளத்தில் மீன் சீக்கிரம் பருவத்துக்கு வந்துவிடும். கொத்துகிறவன் ஜாஸ்தி இருந்தால் சின்ன உடம்போடேயே அவசர அவசரமாகக் குஞ்சு விட்டுவிடும், நாளைக்கு இருப்போமோ மாட்டோமோ என்று. எங்கம்மா அந்த ஜாதி. இருபத்திரண்டு வயதிலிருந்து என்னைக் கட்டிக்கொடுத்துவிடத் துடித்தாள், நான் படிப்பைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போட்டேன், கடைசியில் முப்பத்து நாலில் கிடைத்தது இது, கிடைத்ததை ஒத்துக்கொண்டது நான்தான். முதலை முட்டையில் ஆணா பெண்ணா என்பதை மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. அத்தை மட்டும் முதலையாக இருந்தால் கூட்டை நிழலுக்கும் வெயிலுக்கும் மாற்றி மாற்றி வைத்தே வேண்டியதைப் பெற்றிருப்பாள், அந்த ஆணா பெண்ணா பலகையைக் கழற்றி வைக்கச் சொல்லியிருப்பாள். போன் மறுபடி நடுங்குகிறது. எடுக்கமாட்டேன். எடுத்துவிட்டேன். அந்த மாத்திரை விஷயம் யோசிச்சியா. போன வாரம் அவனிடம் முதலில் சொன்னபோது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நின்று சொன்னேன், அவன் முகத்தில் சந்தோஷம் வந்ததா என்று கேட்டால் வந்தது, ஒரு நொடி வந்தது, பிறகு விரல்விட்டு எண்ணினான். எண்ணி முடித்ததும் முகம் சுண்டிப்போயிற்று. இந்த ஒண்ணு வேண்டாமே மங்கை, என்றான். அடுத்தது பாத்துக்கலாம், மாத்திரைதானாம், வலிகூட இருக்காதாம், ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். எந்த ஒருத்தர்? ஆபீஸில் போய் இதைப் பேசத் தைரியம் இருக்கிறது, சமையலறைக்குள் போய் அம்மா நாங்க ரெண்டு பேரும் ஆடியில பாத்துக்கிட்டோம் என்று ஒரு வரி சொல்லத் தைரியம் இல்லை. யோசித்தேன்தான். அதுதான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது, ஒரு ராத்திரி முழுக்க நானும் யோசித்தேன். சித்திரைப் பிள்ளை என்று ஒதுக்குவார்கள், அவனுக்குச் சளி பிடித்தால் பிள்ளை பிறந்த நேரம், கரண்ட் போனால் பிள்ளை பிறந்த நேரம், அப்படியொரு வீட்டில் இதை ஏன் கொண்டுவந்து விட வேண்டும் என்று யோசித்தேன். கொண்டைக்குருவியை எவ்வளவு நக்கலாக எழுதியிருக்கிறேன் ஆராய்ச்சிக் கட்டுரையில், இல்லாத ஆபத்துக்குத் தன் சந்ததியைக் குறைத்துக்கொள்ளும் பறவை என்று. ஆனால் எனக்கு இந்தப் பிள்ளை வேண்டும். காலையில் காபி வாசனை குமட்டுகிறபோதுகூட வேண்டும் என்றுதான் இருக்கிறது. இன்றைக்கு உள்ளே போய், தேதி வெளியே வந்து, அத்தை இந்த அறையிலேயே என்னைப் பார்த்து ஆடியில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால், இவன் வாயைத் திறப்பானா. திறப்பான் என்றுதான் நினைக்கிறேன். மெஷின் தப்பாகக் காட்டும் என்பான், டாக்டர் சின்னப் பெண் என்பான், வேறு சென்டருக்குப் போகலாம் என்பான். அதுவரைக்கும் போவான். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. மங்கையர்க்கரசி என்று என் பெயர் கேட்கிறது, முழுசாக, ஒரு எழுத்தையும் விடாமல் கத்துகிறாள் நர்ஸ். எழுந்திருக்கவே பயமாக இருக்கிறது, இவ்வளவு தண்ணீரோடு.

உள்ளே ஏசி விறைக்கிறது. ஒருத்தர்தான் கூட வரலாம் என்றதும் அத்தை யாரையும் கேட்காமலே எனக்கு முன்னால் நுழைந்துவிட்டாள். டாக்டர் உண்மையிலேயே சின்னப் பெண்தான், தலைமுடியை உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள். ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ரிப்போர்ட் தட்டுகிற பெண் இன்னும் சின்னவள். டாக்டர் என் வயிற்றில் சில்லென்று எதையோ பிதுக்கித் தடவி, கருவியை வைத்து அழுத்தினாள், அழுத்தினாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். மொச்சை அளவில் ஒன்று, அதன் நடுவில் ஏதோ துடிதுடித்துக்கொண்டிருந்தது. அதுதான் இதயம் என்றாள். எனக்கு அப்போது வல்லூறும் ஞாபகமில்லை, மாதமும் ஞாபகமில்லை, அழுகை வந்தது, மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் காதுக்குள் போயிற்று. பாப்பாவோட அப்பா வந்திருக்காரா, கூப்பிடுங்க, பாக்கட்டும் என்று டாக்டர் சொன்னாள், யாரோ போய்க் குமரகுருபரனைக் கூட்டிவந்தார்கள். கதவோரமாக நின்றான். திரையைப் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான். டாக்டர் எதையெதையோ அளந்துவிட்டு, குழந்தை நல்லா இருக்கு, ஏப்ரல் இருபத்தி நாலு வாக்குல பிரசவம் என்றாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை.

“அப்பன்னா சித்திரை பதினொண்ணு” என்றாள் அத்தை. விரலை மடக்கக்கூட இல்லை. என் பக்கம் திரும்புவாள் என்று நான் காத்திருந்தேன், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன், ஆனால் அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். குரல் அதே குரல்தான், ஏறவுமில்லை இறங்கவுமில்லை.

“ஆடியில நீ இவளைப் பாத்தியா?”

“இல்லம்மா” என்றான்.

மெஷினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைதான். டாக்டரின் கை என் வயிற்றின் மேல் அப்படியே நின்றது. ரிப்போர்ட் தட்டுகிற பெண் குனிந்துகொண்டாள், அவளுக்குக்கூடப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியவில்லை. அதுதான் விசேஷம். வேண்டுமென்றே என்னைச் சந்தியில் நிறுத்த அவன் அதைச் சொல்லவில்லை, அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை, சின்ன வயதில் சர்க்கரை டப்பாவைத் திறந்தியா என்று கேட்டபோது என்ன சொன்னானோ அதையே இப்போதும் சொன்னான். அப்படிச் சொன்னால் வயிற்றில் இருப்பது யாருடையது என்றாகும் என்பது சொல்லி முடித்தபிறகும் அவனுக்கு எட்டவில்லை. திரையில் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவ்வளவு நாளாக இவனை நான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்து இளக்காரமாகச் சிரித்துக்கொண்டிருந்தேனே, அது எவ்வளவு செல்லமான சிரிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது, ஏனென்றால் அது நின்றுவிட்டது.

அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள். நான் இவ்வளவு நேரம் மனசுக்குள் அவனைப் பார்த்த அதே பார்வை.

“பொய் சொல்லாதடா. ஆபீஸுக்குப் போன பிள்ள சாயங்காலம் தலை ஈரத்தோட வந்தா பெத்தவளுக்குத் தெரியாதா? கட்டிக்குடுத்த சோறு அப்படியே திரும்பி வந்துச்சு. வைகாசி வைகாசின்னு நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சது எதுக்குன்னு நெனச்ச? நாள் முந்திப் பிறந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்னுதான். நீ வாயைத் திறந்து ஒத்துக்கிறியான்னு பாத்தேன்.”

“பாத்தேம்மா” என்றான் அவன், உடனே. “சும்மா ஒரு பயத்துல சொல்லிட்டேன். மங்கை, நீ ஒண்ணும் நெனச்சுக்காத.”

அத்தை என் நெற்றியில் கையை வைத்தாள். கை சில்லென்று இருந்தது, தண்ணீர் பாட்டிலையே பிடித்துக்கொண்டிருந்த கை. சித்திரையாக இருந்தால் என்ன, ஏசி ரூமுக்கு இப்போதே சொல்லி வைத்துவிடுவோம், நீ எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதே என்றாள். இந்த வார்த்தையைப் போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் நான் அவள் காலில் விழுந்திருப்பேன். இப்போது கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தெரிந்தே சும்மா இருந்திருக்கிறாள். நான் ஒரு ராத்திரி முழுக்க மாத்திரையைப் பற்றி யோசித்தபோது, பக்கத்து அறையில் இவள் எல்லாம் தெரிந்து, ஏற்பாடும் செய்துவிட்டு, மகனுக்குப் பரீட்சை வைப்பதற்காகக் காத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். நானும் அவனும் பயந்து பயந்து சாக இருந்தது இந்தப் பிள்ளை. டாக்டர் காகிதத் துண்டை எடுத்து என் வயிற்றைத் துடைத்துவிட்டு, எழுந்துக்கலாம் என்றாள். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன். கம்ப்யூட்டர்க்காரப் பெண், நல்லவேளையாகப் பேச்சை மாற்ற ஏதோ கிடைத்தது என்கிற மாதிரி, மேடம், இங்க ஒண்ணு விட்டுப்போச்சு, ஹஸ்பெண்ட் பேரு, என்று கேட்டாள். கதவோரத்தில் அவன் வாயைத் திறந்தான்.

“அவர்தான் பாக்கவே இல்லைன்னு முதல்ல சொல்லிட்டாரே” என்றேன். “எங்கப்பா பேரு போடுங்க. சிதம்பரநாதன்.”

மங்கை, என்று கூப்பிட்டான். விளையாடுகிறேன் என்று நினைத்து லேசாகச் சிரிக்கக்கூடச் சிரித்தான். அந்தப் பெண் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் அத்தையைப் பார்த்தாள். அத்தை மகனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிதம்பரநாதனுக்கு இங்கிலீஷில் எந்த சி என்றுகூடக் கேட்காமலே அந்தப் பெண் தட்ட ஆரம்பித்தாள்.